தான செட்டில்மென்ட் போட இரண்டு தடவை அலைந்தோம்

நேற்று மதியம்தான் பத்திரம் கைக்கு வந்தது. அம்மா தன் பேரில் இருந்த வீட்டை எனக்கு எழுதித் தந்திருக்கிறார். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலைக்கு 71 வயது அம்மாவை இரண்டு தடவை அலைய வைத்ததுதான் இன்னும் ஆறவில்லை.

வில்லங்கச் சான்று (வீட்டின் மேல் பதிவான பழைய பத்திரம், அடமானம் எல்லாம் காட்டுவது), பதிவுக்கு நேரம் குறிக்கும் டோக்கன், பணம் கட்டுவது எல்லாம் இணையத்திலேயே முடிந்தது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. வழிகாட்டி மதிப்பு, அதாவது அரசு வைத்திருக்கும் மதிப்பு, 18 லட்சம்; மொத்தம் 28,000 ரூபாய் ஆனது.

முதல் நாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். 1987-ல் எழுதிய மூலப்பத்திரத்தில் அம்மா பெயரோடு 'அம்மாள்' சேர்ந்திருக்கிறது, ஆதாரில் இல்லை. "ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி நம்புறது?" என்றார் எழுத்தர், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவை ஏறிட்டுப் பார்க்காமலே. என்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டால், "பத்திரம் எழுதினவரைக் கேளுங்க." அந்த ஆளிடம் ஆதார் நகல் பத்து நாளாக இருந்தது! கடைசியில் இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பத்திரத்தில் ஒரு பத்தி சேர்த்து, 'அம்மாள்' என்று இருந்த பழைய ரேஷன் கார்டு நகலையும் வைத்தோம்.

எப்படியும் மறுபடி டைப் அடிக்க வேண்டுமே என்று பத்திர நகலை வீட்டுக்கு வாங்கி வந்து, ராத்திரி அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். சர்வே எண் பட்டாவில் 112/3பி, நகலில் 112/3ஏ. அது பக்கத்து வீட்டுக்காரர் மனை! அப்படியே பதிவாகியிருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் என்று இன்னொரு அலைச்சல். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை என மூன்றையும், பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே ஒத்துப் பாருங்கள்.

"இன்று முதல் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வரி வந்தபோது அம்மா கேட்டார்: "அப்போ நான் எங்கேப்பா இருக்கிறது?"

அம்மா ஆயுள் வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று எழுதச் சொல்லியிருந்தேன். அதை விட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தான் போடுவோம்" என்றார் பத்திரம் எழுதினவர். நான் விடவில்லை. ஆயுள்கால அனுபவ உரிமையும், கடைசிவரை நான் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்த பிறகுதான் சம்மதித்தேன். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்து, பிள்ளை பார்க்காமல் விட்டால், 2007-ம் வருட மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி தீர்ப்பாயத்தில் மனுக்கொடுத்து அந்தப் பத்திரத்தையே செல்லாமல் ஆக்கலாம். எழுதிக் கொடுக்கும் பெற்றோர் யாராக இருந்தாலும் இந்த இரண்டு வரியையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் தடவை கைரேகை விழவில்லை. பாத்திரம் தேய்த்தே தேய்ந்துபோன விரல். பின்னால் நின்ற ஒரு பாட்டி, "ஈரத் துணியால நல்லா துடைச்சுட்டு வைம்மா" என்றார். முந்தானையை நனைத்துத் துடைத்து, மூன்றாவது முயற்சியில் பதிந்தது. முழு மனையும் மாறுவதால் உட்பிரிவு வேலை கிடையாது. இனி பட்டாவில் பெயர் மாற வேண்டியதுதான் பாக்கி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆயுள் உரிமை இருக்கும் பக்கத்தை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தார். அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தார்.