மீன் ஃப்ரீசரில் சோடாக் குழாய்: இதுவரை செய்தது

வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஃப்ரீசர் கதவில் இரண்டு குழாய்கள் ஏறியிருக்கின்றன. ஒன்றில் வெறும் சோடா, இன்னொன்றில் இஞ்சி எலுமிச்சை. இதே போல யாராவது செய்ய நினைத்தால் உதவும் என்று, எங்கே எது இழுத்தடித்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

யோசனை என்னுடையது இல்லை. சிட்னியில் இருக்கும் மச்சான் வீட்டுக் கார் ஷெட்டில் இப்படி ஒரு ஃப்ரீசர் நிற்கிறது. அங்கே வீட்டில் பீர் காய்ச்சிக் குடிக்கச் சட்டத்தில் தடையில்லை. காய்ச்சியதைக் கெக்கில், அதாவது அழுத்தம் தாங்கும் ஸ்டீல் பீப்பாயில் அடைத்து, ஃப்ரீசருக்குள் வைத்து, கதவில் குழாய் வைத்துப் பிடித்துக் குடிக்கிறார்கள். நம்மூரில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் பீர் காய்ச்சினால் போலீஸ் வீட்டுக்கு வரும். எனக்கு ஆசை அந்த அமைப்பின் மேல்தான் என்பதால் சோடாவுக்கு மாறிக்கொண்டேன்.

ஒரு விதத்தில் இது பழைய இடத்துக்கே திரும்புவதுதான். அவர்கள் பயன்படுத்தும் 19 லிட்டர் ஸ்டீல் கெக் முதலில் பெப்சி, கோக் கடைகளில் சிரப் ஊற்றி வைக்க வந்தது. கடைக்காரர்கள் அதைக் கழித்துப் போட்ட பிறகுதான் பீர் காய்ச்சுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் பின்னால் போனால், 1767-இல் ஜோசப் பிரீஸ்ட்லி சோடாத் தண்ணீரைச் செய்து பார்த்ததே ஒரு பீர் ஆலையில், நொதிக்கும் தொட்டிக்கு மேலே நின்ற வாயுவை வைத்துத்தான்.

ஃப்ரீசர் குளச்சலில் மீன் வியாபாரத்தை விட்டுவிட்ட ஒருவர் வீட்டிலிருந்து வந்தது. ஆள் உயரம், ஒரே கதவு, கம்ப்ரசர் நல்ல நிலை. நாற்றம் மட்டும் சொல்லி மாளாது. சோடா உப்புக் கரைசலால் துடைத்து, கதவைத் திறந்து வெயிலில் போட்டதில் பெட்டியின் வாசம் போய்விட்டது. கதவு ரப்பர் மடிப்புக்குள் இருந்தது மட்டும் போகவே இல்லை. புது ரப்பர் போட்டேன். “நல்லாத்தானே இருக்கு, இதுல மீனே வைக்கலாம்லா” என்று வீட்டில் இன்னும் ஒரு கட்சி இருக்கிறது.

நிமிர்ந்து நிற்கும் ஃப்ரீசர் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் தட்டுகளை. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் குளிர்க் குழாய் பின்சுவருக்குள் இருக்கும், தட்டைக் கழற்றி வைத்துவிடலாம். பழைய வகையில் அந்தத் தட்டுகளேதான் குளிர்க் குழாய். குளிரூட்டும் கேஸ் அவற்றின் வழியாகத்தான் ஓடுகிறது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று அறுத்தால் ஃப்ரீசர் அன்றோடு முடிந்தது. என்னுடையது பழைய வகை. கெக் ஏறத்தாழ 65 செ.மீ. உயரம், மேலே இணைப்புகளுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். தட்டுகளுக்கு இடையிலோ ஒரு முழம்கூட இல்லை.

தக்கலையிலிருந்து வந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கேஸை இறக்கி, குழாயை வெட்டி ஒட்டலாம் என்றுதான் ஆரம்பித்தார். செலவைக் கேட்டதும் என் முகம் போன போக்கைப் பார்த்து வேறு வழி சொன்னார். மின்சாரத்தைப் பிடுங்கி, பெட்டி முழுவதும் சாதாரண சூட்டுக்கு வந்த பிறகு, கீழ் இரண்டு தட்டுகளின் திருகுகளை எடுத்தார். ஒரு கையால் குழாய் வளைவைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தட்டைக் கதவு மாதிரி மெல்ல மேலே தூக்கிப் பின்சுவரோடு சாய்த்தார். குழாய் எங்கேயும் நசுங்கவில்லை. மேல் தட்டுகளைத் தொடவில்லை. இப்போது கண்ணாடி டம்ளர்கள் அங்கேதான் இருக்கின்றன, எடுக்கும்போதே வெள்ளைப் பூச்சு பூத்து வரும்.

போகும்போது அவர் சொன்னது: “அண்ணே, சைடுல மட்டும் ஓட்டை போட்டுராதீங்க.” ஃப்ரீசர் ஓடும்போது பக்கவாட்டுத் தகட்டைத் தொட்டால் சுடும். சூட்டை வெளியே தள்ளும் குழாய் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. கதவைச் சுற்றிய சட்டத்திலும் ஒன்று உண்டு. கதவுக்குள் எந்தக் குழாயும் இல்லை, அதனால் துளை கதவில். பின்னால் இருக்கும் ஸ்டிக்கரையும் படித்துவிடுங்கள். ஆர்600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் கேஸ், கூடுதல் கவனம் வேண்டும். என்னுடையதில் ஆர்134ஏ. வெளித் தகடு, நடுவில் ஃபோம், உள்ளே பிளாஸ்டிக் என மூன்றும் வெண்ணெய் போலத் துளைபட்டன. தகட்டின் அறுபட்ட விளிம்பில் பெயின்ட் தடவி, சிலிக்கான் வைத்து அடைத்தேன். கடல் காற்று அடிக்கிற ஊரில் அந்தப் பெயின்டை மறந்தால் அடுத்த மழைக்குள் துரு வழியும்.

கதவில் வைக்கும் சோடாக் குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்க வேண்டும். பித்தளைக் குழாய் பாதி விலைக்குக் கிடைக்கும், வாங்காதீர்கள். சோடா அமிலத்தன்மை உள்ளது, செம்பைக் கரைத்து எடுக்கும், குடிக்கிறவர் வயிற்றைப் புரட்டும்.

ஃப்ரீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட் மைனஸ் 18 பக்கம் போகப் பார்க்கும். அதை முழுக் குளிரில் விட்டுவிட்டு, வெளியே ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலர் வழியாக மின்சாரம் கொடுத்திருக்கிறேன். 3 டிகிரி, 2 டிகிரி இடைவெளி, கம்ப்ரசர் நின்றால் மறுபடி ஓட 5 நிமிடத் தாமதம். அடிக்கடி கரண்ட் போய் வரும் இடத்தில் அந்தத் தாமதம்தான் கம்ப்ரசரைக் காப்பாற்றுகிறது. சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் கெக்கின் நடுவயிற்றில் வைத்து, மேலே தெர்மோகோல் துண்டு வைத்து டேப் சுற்றியிருக்கிறேன்.

குளிர் இவ்வளவுதான். என்னைப் பாடாய்ப் படுத்தியது தண்ணீர்.

மைனஸ் 18-இல் ஓடும்போது உள்ளே வரும் ஈரம் பனிக்கட்டியாக ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். 3 டிகிரியில் ஓட்டும்போது, கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் குளிர்க் குழாயில் பனி பிடிக்கிறது, நிற்கும் நேரத்தில் உருகிச் சொட்டுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இதே கதை. சிட்னிக்காரனுக்கு இது பெரிய விஷயமில்லை. நமக்கு ஆனி ஆடிச் சாரல் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று என்று இரண்டு பருவமழையும் உண்டு, இரண்டுக்கும் நடுவிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஈரக் காற்று உள்ளே போகிறது. கெக்குகளைத் தாங்க நான் போட்ட பிளைவுட் அடியிலிருந்து ஊறி விரிந்தது, ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை.

பிளைவுட்டை எடுத்துவிட்டு அயனிப் பலகை போட்டேன். வள்ளம் கட்டுகிற மரம், ஈரத்துக்கு அஞ்சாது. நிறைந்த கெக் ஒவ்வொன்றும் 23 கிலோவுக்கு மேல், அதையும் தாங்கும். மெக்கானிக் தட்டுகளைச் சாய்த்து வைத்தது இங்கேதான் கூடுதலாக உதவியது. கிடைமட்டத் தட்டு கண்ட இடத்தில் சொட்டும், சாய்ந்த தட்டு பின்சுவரோடு ஒரே கோட்டில் வடிக்கிறது. அதற்குக் கீழே பாதியாகப் பிளந்த பிவிசி குழாயை ஓடு மாதிரி சற்றுச் சாய்த்து வைத்து, நுனியில் ஒரு பாட்டில். மழைக்காலத்தில் பாட்டில் சீக்கிரம் நிரம்பும். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன் எப்போதும் ஓடுகிறது. ஈரம் ஒரே மூலையில் தங்குவதில்லை, மேலும் கீழும் குளிரும் சமமாகிறது.

அடுத்தது கேஸ், சோடாவுக்கு ஏற்றுகிற கார்பன் டை ஆக்சைடு. மச்சான் தந்த ரெகுலேட்டரின் மரை நம்மூர் சிலிண்டர் வால்வில் ஏறவில்லை. நாகர்கோவிலில் கேட்டால் வெல்டிங் கடை ரெகுலேட்டரைக் காட்டுகிறார்கள். அது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டுவது, நமக்கு வேண்டியது அழுத்தம் காட்டுவது. கேஸும் உணவுத் தரமாக, சோடா கம்பெனிகளுக்கு நிரப்பித் தருகிற இடத்தில் வாங்குவதே நல்லது. சிலிண்டர் உள்ளே கம்ப்ரசர் மேட்டின் மேல் நிமிர்ந்து நிற்கிறது. வெளியே 1000 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) பக்கம் நின்ற ரெகுலேட்டர் முள் உள்ளே குளிர்ந்ததும் 550-க்கு இறங்கிவிடும். கேஸ் தீர்ந்ததாக அர்த்தமில்லை. உள்ளே திரவம் இருக்கும்வரை அந்த முள் வெப்பநிலையைத்தான் சொல்லும். மிச்சம் எவ்வளவு என்று தெரிய எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு கெக்குக்குச் சுமார் கால் கிலோ செலவாகிறது. இணைப்பு எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவி முட்டை விடுகிறதா என்று பாருங்கள். அறை ஜன்னல் திறந்தே இருக்கட்டும், இந்த வாயு காற்றை விடக் கனம், கீழே தேங்கும்.

பீருக்கு 12 பிஎஸ்ஐ போதும். சுள்ளென்று ஏறுகிற சோடாவுக்கு, 3 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தன் கொள்ளளவைப் போல நாலு மடங்கு வாயுவைப் பிடித்து வைக்கும். கெக் நன்றாகக் குளிர்ந்த பிறகு கேஸ் கொடுங்கள். சாதாரணக் காற்றழுத்த அளவில் 0 டிகிரித் தண்ணீர் தன் அளவுக்கு 1.7 மடங்கு வாயுவைக் கரைக்கும் அதே அழுத்தத்தில், 30 டிகிரித் தண்ணீர் 0.7-ஐக்கூடத் தொடாது.

30 பிஎஸ்ஐயில் குழாயைத் திறந்தால் டம்ளர் முழுக்க நுரைதான். கெக்கிலிருந்து கதவுக் குழாய் வரை போகும் டியூப் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் அழுத்தம் வழியிலேயே தேய்ந்து, தண்ணீர் அமைதியாக இறங்கும். பீருக்கு 3 மீட்டர் போதும் என்பார்கள். சோடாவுக்கு 5 மி.மீ.க்கும் குறைந்த உள்விட்டத்தில் 7 மீட்டர் போட்டுச் சுருட்டி வைத்திருக்கிறேன். முதல் டம்ளர் இன்னும் கொஞ்சம் பொங்குகிறது, கதவுக் குழாய் சூடாக இருப்பதால். ஃபேனின் காற்றை ஒரு ஹோஸ் வழியாக அங்கே திருப்பிய பிறகு குறைந்திருக்கிறது.

பங்குனியில் அக்கானியையும் (பதநீர்) விட்டுவைக்கவில்லை. கெக்கில் ஊற்றவில்லை, ஒரு லிட்டர் பாட்டிலில்தான். சுண்ணாம்பு போட்ட பதநீரில் இந்த வாயு ஏறினால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: கலங்கிப் பால் மாதிரி ஆனது, பிறகு அடியில் வெள்ளை வண்டல். தெளிவை மேலாக வடித்துக் குடித்தால் சுண்ணாம்பின் கடுப்பு இல்லை, இனிப்பு தூக்கலாக இருந்தது. எனக்குப் பிடித்தது, அப்பா “இது அக்கானியே இல்ல மக்கா” என்று வைத்துவிட்டார். பெரிய அளவில் செய்யப்போவதில்லை. அது நொதிக்கத் தொடங்கினால் கள், சட்டம் மறுபடி வாசலுக்கு வந்துவிடும்.

இரண்டு கெக்கில் எது உபயோகம் என்றால், வெறும் சோடாதான். நன்னாரி சர்பத் வேண்டியவர் அதை ஊற்றிக்கொள்ளலாம், உப்பு எலுமிச்சை வேண்டியவர் அதை. டியூபைக் கழுவுவதும் லேசு. இஞ்சி கெக்கைத் துணியில் வடிகட்டி ஊற்றினாலும் மாவு கொஞ்சம் தங்குகிறது, நுரை அதிகம். அதற்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், ஒரே ரெகுலேட்டரில் இரண்டு கெக்குக்கும் ஒரே அழுத்தம்தான் போகிறது. தனி ரெகுலேட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை இஞ்சி சோடா கேட்கிறவர்கள் நுரை அடங்கும் வரைக்கும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.