நிறத்தை எடுத்தால் என்ன மிஞ்சும்: நிலக்காட்சிப் படங்களோடு ஒரு சோதனை

பழைய நிலக்காட்சிப் படங்களின் ரா ஃபைல்களை (கேமரா சென்ஸர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை) தோண்டியெடுத்து, ஒவ்வொன்றையும் வண்ணத்தில் ஒன்று, கறுப்பு-வெள்ளையில் ஒன்று என்று செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன். இரண்டில் எது உசத்தி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. நிறத்தை உருவிவிட்டாலும் எந்தப் படம் நிற்கிறது, எது படுத்துவிடுகிறது, ஏன் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முதல் சிக்கல், ‘கறுப்பு-வெள்ளைப் பதிப்பு’ என்று ஒன்றே ஒன்று இல்லை என்பது. கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் நிறம் நீக்கும் கட்டளையைத் திறந்தாலே லூமினன்ஸ், லூமா, லைட்னஸ், ஆவரேஜ், வேல்யூ என்று ஐந்து வழிகள் வந்து நிற்கும். பெயரைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உண்மையில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க, நீல வானத்துக்கு எதிரே ஒரு மரம் நிற்கிற படத்தை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளையும் 0 முதல் 255 வரையான எண்களில் மென்பொருள் காட்டும். வானத்தில் ஓரிடத்தைத் தொட்டால் சிவப்பு 70, பச்சை 130, நீலம் 210. வெயில் பட்ட இலையில் சிவப்பு 110, பச்சை 130, நீலம் 50. வண்ணத்தில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. மரம் பளிச்சென்று தனித்துத் தெரிகிறது.

இப்போது லூமா. நம் கண்ணின் உணர்திறனை ஒட்டி சிவப்புக்கு ஏறக்குறைய 21 சதவீதம், பச்சைக்கு 72, நீலத்துக்கு 7 என்று எடை போட்டுக் கூட்டுகிற முறை இது. கணக்குப் போட்டால் வானம் 123, இலை 120. அவ்வளவுதான், மரம் வானத்துக்குள் கரைந்துவிட்டது! லைட்னஸில் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். வானம் 140, இலை 90. பரவாயில்லை, மரம் திரும்பி வந்தது. வேல்யூவில் பெரிய எண் மட்டும்தான், ஆகவே வானம் 210, இலை 130. ஒரே படம், ஒரே நொடியில் எடுத்தது, மூன்று விதமான மரம்.

சானல்களை, அதாவது சிவப்பு, பச்சை, நீல அளவுகளை, தனித்தனிச் சாம்பல் படங்களாகப் பிரித்தால் இன்னும் சுவாரசியம். சிவப்பு சானலில் வானம் 70, இலை 110. இருண்ட வானத்தின் முன் மரம் ஒளிர்கிறது. நீல சானலில் வானம் 210, இலை 50. வெளுத்த வானத்தில் கன்னங்கரேல் என்று ஒரு மரம். இந்த இரண்டாவது படத்தைப் பார்த்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஃபிலிமுக்கு முன் படம் பதியப் பயன்பட்ட அந்தக் காலத்து கண்ணாடித் தட்டுகள் முக்கியமாக நீல ஒளிக்குத்தான் உணர்வு காட்டின. அதனால்தான் பழைய படங்களில் வானம் வெறும் வெள்ளையாகக் கிடக்கும். 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடல் படங்களுக்கு வானத்தை ஒரு நெகட்டிவிலும் கடலை இன்னொன்றிலும் எடுத்துச் சேர்த்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே தொல்லைதான்.

சிவப்பு சானல் வேறொரு கதையைச் சொல்கிறது. 1927 ஏப்ரலில் அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் அன்சல் ஆடம்ஸ் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். அது போதாது என்று தோன்ற, கையிலிருந்த கடைசித் தட்டில், நீல ஒளியைத் தடுக்கும் அடர்சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் ஏறக்குறைய கறுப்பாகிப் பாறை எழுந்து நின்றது. அவர் எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருந்ததை நாம் ரா ஃபைலில் சாவகாசமாக உட்கார்ந்து செய்கிறோம்.

ரா மென்பொருளில் ஒவ்வொரு நிறமும் சாம்பலில் எவ்வளவு வெளுக்க வேண்டும், கறுக்க வேண்டும் என்பதை ஒரு ஸ்லைடரை இழுத்து மாற்றலாம். அதற்காக அதை இஷ்டத்துக்கு இழுக்க முடியாது. வானம் கறுக்கட்டும் என்று நீல ஸ்லைடரைக் கீழே இறக்கிக்கொண்டே போனால், முதலில் வானத்தில் நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) கிளம்பும், அப்புறம் மலை விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று முளைக்கும். நாய்ஸுக்குக் காரணம் சென்ஸரில் இருக்கிறது. பெரும்பாலான சென்ஸர்களில் உள்ள பேயர் என்ற நிறவடிகட்டி அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்பங்கு சிவப்புக்கு, கால்பங்கு நீலத்துக்கு. நீலத்தை இறக்கினால் வானம் சிவப்பை நம்பித்தான் நிற்க வேண்டும், நீல வானத்தில் சிவப்புக்கு வந்து சேரும் ஒளியே கொஞ்சம். அந்த வெள்ளைக் கோடு, வானமும் மலையும் கலக்கிற விளிம்புப் புள்ளிகள். அவற்றில் நீலம் நீர்த்துப்போயிருப்பதால் ஸ்லைடருக்கு அவை பிடிபடுவதில்லை. இப்போது நீலத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, மிச்ச இருட்டை மேலிருந்து கீழே படிப்படியாகக் குறையும் ஒரு கிரேடியன்ட் மாஸ்க்கில் கொடுக்கிறேன். கோடு காணாமல் போகிறது.

இலைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சையை வெளுக்க வேண்டும் என்றால் கை தானாகப் பச்சை ஸ்லைடருக்குத்தான் போகும். வெயிலில் நிற்கும் இலைகளில் பெரும்பாலும் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. மேலே சொன்ன இலையிலேயே பாருங்கள், சிவப்பு 110, பச்சை 130: அது மஞ்சளை ஒட்டிய பச்சை. மஞ்சள் ஸ்லைடரைத் தொட்டால்தான் காடு அசைகிறது.

சரி, எது நின்றது, எது படுத்தது? சூரிய அஸ்தமனப் படங்கள் கும்பலாகப் படுத்தன. ஆரஞ்சு மேகமும் நீல வானமும் வெளிச்சத்தில் ஏறக்குறைய சமம். வித்தியாசம் முழுக்க நிறத்தில்தான் இருந்தது. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் 1872 ஓவியமான ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கினால் அந்தச் சிவந்த சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடும், அதே கணக்குதான். உச்சிவெயிலில் எடுத்து, வண்ணத்தில் அழுக்குப் பச்சையாகக் கிடந்த பாறைப் படங்கள் கறுப்பு-வெள்ளையில் உயிர்பெற்றன. கடும் நிழல் அங்கே வேலைக்கு உதவியது. அடுக்கடுக்காக மங்கும் மலைகளில் என் ஓட்டு நீலம் தூக்கலாக உள்ள கலவைக்கு. தூரத்து மூட்டத்தில் நீல ஒளிதான் அதிகம் சிதறுகிறது, சிவப்புக்குப் போனால் மூட்டம் விலகி அடுக்குகளும் ஒட்டிக்கொள்கின்றன. அருவியும் ஈரப்பாறையும் உள்ள படங்களில் இரண்டு பதிப்புக்கும் வித்தியாசமே இல்லை. அங்கே முதலிலிருந்தே நிறம் இருக்கவில்லை.

பார்க்கும் வரிசையும் கெடுக்கிறது. வண்ணத்தை முதலில் பார்த்துவிட்டால், அடுத்து வரும் சாம்பல் படத்தில் மனம் நிறத்தைத் தானே பூசிக்கொள்கிறது. கரைந்துபோன மரமும் தெரிவதுபோல இருக்கும். அதனால் கறுப்பு-வெள்ளையை முதலில் திறக்கிறேன், நடுவில் ஒரு வெற்றுச் சாம்பல் திரை, பிறகு வண்ணம்.

அடுத்தது, எடுக்கும்போதே கேமராவை மோனோக்ரோமில் வைத்து, ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதிவு செய்வது. திரையில் சாம்பல்தான் தெரியும், ராவில் நிறம் அப்படியே இருக்கும். மரம் வானத்தில் கரைகிறதா என்பதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இரண்டடி நகர்ந்து நின்று எடுத்துவிடலாம்.