எந்தப் பள்ளி என்பதை யார் முடிவு செய்வது?

காது சரியாகக் கேட்காத பிள்ளையையோ பார்வை குறைந்த பிள்ளையையோ ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் செல்லும் பெற்றோருக்கு, திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கிறது. "அதான் பாளையங்கோட்டையில அதுக்குன்னே ஸ்கூல் இருக்கே, அங்க சேர்த்துருங்களேன்" என்பதே அந்தப் பதில். சொல்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் தொடங்கிய பாளையங்கோட்டைப் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஆளாக்கியவை. ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய அமர் சேவா சங்கத்தை அறியாதவர்கள் இப்பகுதியில் குறைவு. நாம் பெருமைப்படும் இந்த நிறுவனங்களே, பக்கத்துப் பள்ளி தன் கடமையைத் தட்டிக்கழிப்பதற்கான சாக்காகவும் ஆகிவிடுவதுதான் வருத்தத்திற்குரியது.

என் தங்கை மகளுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. சேரன்மகாதேவியைத் தாண்டி ஆற்றோரத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறார்கள். காதொலிக் கருவி போட்டால் குழந்தை பேச்சைப் புரிந்துகொள்வாள், திருப்பிப் பேசவும் செய்வாள். "எங்க டீச்சருக்கு இதுல பயிற்சி கிடையாதே அண்ணாச்சி" என்று தலைமையாசிரியர் என்னிடம் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் சேர்க்கையை மறுப்பதற்கு அது காரணமாகாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது அதன் 31-ஆம் பிரிவு. விருப்பம் பிள்ளையுடையது, பிள்ளைக்காகப் பெற்றோர் அதைச் சொல்லலாம், தலைமையாசிரியர் சொல்ல முடியாது. சான்றில் 40 விழுக்காட்டுக்குக் குறைவாகப் போட்டுவிட்டார்களே என்று கலங்கும் பெற்றோரும் 16-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காட்டிப் பாகுபாடு செய்யாமல் சேர்க்க வேண்டும், தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும் என்னும் கடமைக்கு அங்கே விழுக்காட்டு வரம்பு இல்லை.

ஆகவே தங்கை வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, சேர்க்கை கேட்டும் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்திலிருந்து, இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற சிறப்புப் பயிற்றுநரை அனுப்பக் கேட்டும் ஒரே கடிதமாக எழுதினாள். இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்ற கையொப்பமும் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொண்டாள். மறுப்பதானால் அதையும் எழுத்தில் தாருங்கள் என்ற வரி கடைசியில் இருந்தது. மறுப்பை எழுதித் தர யாரும் முன்வரவில்லை, சேர்க்கை நடந்தது.

பிறகு வந்த சிறப்புப் பயிற்றுநர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தது மின்விசிறியைத்தான். காதொலிக் கருவி ஆசிரியரின் குரலை மட்டும் பிரித்து எடுப்பதில்லை, கடகடக்கும் விசிறியின் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. குழந்தையை விசிறியிலிருந்து தள்ளி முன்வரிசையில் அமர வைத்தார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் பிள்ளைகளின் பக்கம் திரும்பிப் பேசும்படி ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டார். பைசா செலவில்லாத இந்த மாற்றங்களுக்குத்தான் "பயிற்சி இல்லை" என்று அஞ்சினோம்.

குறை சிறப்புப் பயிற்றுநர்களின் வருகையில் இருக்கிறது. ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டியிருப்பதால், எப்போது வருவார் என்பது பள்ளிக்கே தெரிவதில்லை. தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் வகுத்தது; அந்தக் கணக்கை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் நான் இன்னும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் முதல், பிள்ளைக்கென்று எழுதப்படும் தனிக் கல்வித் திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோருக்கும் இடம் உண்டு. நம் சட்டம் பள்ளியைத் தேர்ந்தெடுக்க விட்டதே தவிர, உள்ளே என்ன, எவ்வளவு கற்பிக்கப்படும் என்று முடிவு செய்யும் இடத்தில் பெற்றோருக்கு அவ்வளவு விரிவான இடத்தைத் தரவில்லை.

இருக்கிற வழி பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போடவும் தேநீர் குடிக்கவும் மட்டும் அழைக்கப்படும் கூட்டம் என்று பலரும் அதைப் போவதற்குரியதாகவே கருதுவதில்லை. ஆனால் பயிற்றுநர் வரும் நாள்களைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வைப்பதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. பள்ளியளவில் தீராததை முதன்மைக் கல்வி அலுவலருக்கும், அங்கும் அசையவில்லையென்றால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் எழுதலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையருக்கு உண்டு.

பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய பொதுத்தேர்வுச் சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று கட்டாயம். சிறுவயதில் வாங்கிய சான்று தற்காலிகமானதாக இருந்தால், பத்தாம் வகுப்பு வரை காத்திராமல் ஒன்பதாம் வகுப்பிலேயே புதுப்பித்துவிடுங்கள்.