கடற்கன்னி வால் தைத்தேன்

அக்கா மகள் நன்றாக நீந்துவாள். இல்லையென்றால் இந்த வேலைக்கே ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். வாலை மாட்டினால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டின மாதிரிதான்.

வாலுக்கு உயிரே உள்ளே இருக்கும் மோனோஃபின்தான். இரண்டு பாதமும் ஒரே ஓர் அகலமான துடுப்பில் நுழையும். தகட்டை வெட்டி வீட்டிலேயே செய்பவர்கள் உண்டு. அவசரத்துக்குக் கால் சட்டென்று வெளியே வர வேண்டுமே, அதனால் கடையிலேயே வாங்கிவிட்டேன்.

துணி, நீச்சலுடைக்கான நைலான் ஸ்பாண்டெக்ஸ். எந்தப் பக்கம் இழுத்தாலும் நீள வேண்டும். துடுப்பை மாட்டி அவளைப் பழுப்புத்தாளில் படுக்கவைத்து, சுற்றிலும் வரைந்து வெட்டினேன். கூச்சத்தில் நெளிந்துகொண்டே இருந்தாள்! நேர்த்தையல் போட்டால் உதைக்கும்போது நூல் அறுந்துவிடும், வளைந்து வளைந்து போகும் ஸிக்ஸாக் தையல்தான். ஊசியும் முனை மழுங்கிய பால்பாயிண்ட் வகை, சாதா ஊசி இந்தத் துணியில் தையலை விட்டுவிட்டுப் போகும். பாலியஸ்டர் நூல். துடுப்பின் நுனிகளில் சிறு ஓட்டை விட்டேன், தண்ணீர் வடிய. இடுப்பில் எலாஸ்டிக் மட்டும். ஜிப், கொக்கி எதுவும் வேண்டாம்.

செதில் வரைவது என் பொறுமைக்கு மீறியது. அதை அக்காவிடம் தள்ளிவிட்டேன்.

ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மன் 1910களிலேயே மௌனப் படங்களில் வாலோடு நீந்தியவர். வாலையும் தானே வடிவமைத்தாராம். ஸ்பாண்டெக்ஸ் இல்லாத காலம்!

குளத்தில் ஒரே ஒரு விதி: நான் பக்கத்தில் தண்ணீரில் நின்றால்தான் வால். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து அலைபோல் உதைக்கச் சொன்னேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் தோழிக்கும் ஒன்று வேண்டுமாம், ஊதா நிறத்தில்.