நிலாக் கட்சியும் வைரக் கட்சியும்

இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டைக் கேட்பவர்கள் இரண்டு பேர் ஒரே அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அந்தக் கேள்வி வந்து நிற்கும்: ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ உசத்தியா, ‘விஷ் யூ வேர் ஹியர்’ உசத்தியா? முன்னது 1973, பின்னது 1975. நடுவில் அந்தக் குழு வேறு ஸ்டுடியோ ஆல்பம் போடவில்லை. ஆக, இது அடுத்தடுத்துப் பிறந்த அண்ணன் தம்பிச் சண்டை. மூன்றாவதாக ஒருவர் நுழைந்து “எனக்கென்னவோ ‘தி வால்’தான்...” என்று அதே குழுவின் இன்னொரு ஆல்பத்தை இழுத்தால், அதுவரை முட்டிக்கொண்ட இருவரும் நொடியில் கூட்டணி அமைத்து அவரை டீ போட அனுப்பிவிடுவார்கள்.

வசதிக்காக முதல் கூட்டத்தை நிலாக் கட்சி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஆல்பத்தின் வாசலிலும் கொல்லையிலும் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ காவல் நிற்பதால் அவர்கள் வைரக் கட்சி.

சண்டை பெரும்பாலும் கணக்கில் ஆரம்பிக்கும். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 1973-க்கும் 1988-க்கும் இடையே 741 வாரம் இருந்த ஆல்பம் எங்களுடையது என்பார் நிலாக்காரர். “அதில் முதலிடத்தில் எத்தனை வாரம்?” என்று வைரக்காரர் மெதுவாகக் கேட்பார். ஒரே ஒரு வாரம். இங்கிலாந்தில் இரண்டாம் இடத்தைத் தாண்டவே இல்லை. ‘விஷ் யூ’ இரண்டு நாட்டிலும் முதலிடம். இந்தச் சுற்றில் யாரும் ஜெயிப்பதில்லை. நின்று ஆடியவர் பெரியவரா, முதல் பந்திலேயே சிக்ஸர் அடித்தவர் பெரியவரா என்பது போன்ற சமாச்சாரம். பத்து நிமிஷத்தில் இருவருக்குமே அலுத்துப்போய், “சரி, போட்டே கேட்டுடலாம்” என்பார்கள். வினையே அங்கேதான்.

நிலா முதலில் ஓடும். தொடக்கத்தில் ஒன்றுமே கேட்காது. இதயத் துடிப்பு ஒன்று மிக மெல்லமாக மேலே ஏறி வரும். அது இதயம்கூட இல்லை, குழுவின் டிரம்மர் நிக் மேசனின் பேஸ் டிரம். “ஓடுதா, இல்லையா?” என்று ஒருவர் எழுந்து போய் வால்யூமை இரண்டு புள்ளி ஏற்றுவார். துடிப்பு கேட்கும். திருப்தியாகத் திரும்பி வந்து டீயை எடுப்பார். அந்த நேரத்தில் கடிகாரங்கள், கல்லாப்பெட்டி, பைத்தியச் சிரிப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உச்சியில் ஒரு பெண்ணின் அலறல் வந்து அறையை நிரப்பும். டீ சட்டையில். வால்யூம் மூன்று புள்ளி இறங்கும். இந்த அடி வாங்கிய பிறகும் பாடம் படிக்காதவர்களுக்கு ‘டைம்’ பாட்டின் கடிகார மணிகள் காத்திருக்கின்றன. சவுண்ட் இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்த மணிகள் அவை. எல்லாம் சேர்ந்து அடித்தால் தூங்கும் குழந்தை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழுந்துவிடும். வால்யூம் இன்னும் ஒரு புள்ளி கீழே.

அடுத்து வைரம். அதுவும் மெல்லத்தான் தொடங்கும். தண்ணீர் ஊற்றிய ஒயின் கிளாஸ்களின் விளிம்பைத் தேய்த்து எடுத்த ஒலியும் சின்தசைசரும் பனி மாதிரி பரவும். மறுபடியும் “ஓடுதா?” மறுபடியும் இரண்டு புள்ளி மேலே. ஆனால் இந்த ஆல்பம் யாரையும் தண்டிக்காது. டேவிட் கில்மோரின் அந்த நான்கு கிட்டார் ஸ்வரம் வரவே நான்கு நிமிஷம் ஆகும். வாய்ப்பாட்டு வர எட்டு நிமிஷத்துக்கு மேல். ஏற்றிய வால்யூம் ஏற்றியபடியே இருக்கும். ஆக, நிலாவைச் சின்னச் சத்தத்திலும் வைரத்தைப் பெரிய சத்தத்திலும் கேட்டுவிட்டு, “பார்த்தியா, இதுல பேஸ் எவ்வளவு செழிப்பா இருக்கு!” என்று தீர்ப்பு எழுதுவார்கள். சத்தம் குறைந்தால் காதுக்கு முதலில் குறைவது பேஸ்தான். ஒரு டெசிபெல் கூடினால்கூட நமக்கு அது ‘சத்தம் அதிகம்’ என்று தோன்றாது, ‘தெளிவு அதிகம்’ என்றே தோன்றும். இரண்டாவதாக ஓடிய ஆல்பம் ஜெயித்த பல சண்டைகளின் ரகசியம் இதுதான்.

மருந்து எளிது. முதலில் ‘டைம்’ மணிகளுக்குப் போய், தாங்கக்கூடிய உச்ச அளவை வையுங்கள். அதை மேல்வரம்பாக வைத்துக்கொண்டு முதல் பாட்டுக்குத் திரும்புங்கள். துடிப்பு கேட்கவில்லை என்றால் பொறுங்கள், வரும். பிறகு போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைத் திறந்து, உட்காரும் இடத்திலேயே போனை வைத்து, ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டில் எல்லோரும் சேர்ந்து ஓங்கும் இடத்தையும் ‘ஹேவ் எ சிகார்’ பாட்டில் முழுக் குழுவும் வாசிக்கும் இடத்தையும் ஒரு நிமிஷம் அளந்து சமப்படுத்துங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. பரவாயில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும். போனை நகர்த்தினால் கணக்கு போச்சு.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு வேறு பொறிகள். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். சிரிக்க வேண்டாம், நிலாவை ஷஃபிளில் கேட்டுவிட்டு “கோர்வையா இல்லையே” என்று சொன்ன விமர்சகர்கள் உலவுகிறார்கள். ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு கலக்கும் கிராஸ்ஃபேட் பூஜ்யம். இடைவெளியில்லாமல் ஓடும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். நிலாவில் பத்துப் பாட்டு, ஒன்பது ஒட்டு. இசைத்தட்டைத் திருப்பும் இடத்தைக் கழித்தால் எட்டு. வைரத்தில் ஐந்து பாட்டு, திருப்பும் இடம் போக மூன்றே ஒட்டு. பழைய எம்பி3 கோப்புகளில் ஒலியை 1,152 மாதிரிகள் (சாம்பிள்கள்) கொண்ட துண்டுகளாகத்தான் அடுக்க முடியும். நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் ஒரு துண்டு 26 மில்லி விநாடி. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மௌனத்தை வைத்து அடைப்பார்கள், தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். அந்தச் சின்ன விக்கல் ‘பிரெய்ன் டேமேஜ்’ முடிந்து ‘எக்லிப்ஸ்’ எழும் இடத்தில் விழுந்தால், கல்யாணத்தில் கெட்டிமேளம் நடுவே கரண்ட் போன மாதிரி. எட்டு இடத்தில் விக்கும் ஆல்பமும் மூன்று இடத்தில் விக்கும் ஆல்பமும் போட்டி போட்டால் நியாயம் எங்கே இருக்கும்?

இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் புன்னகைப்பார்கள். அவர்களுக்கும் இருக்கிறது. தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில், மையத்திலிருந்து 14.6 செ.மீ. தூரத்தில், ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள்ளே 6 செ.மீ. தூரத்துக்கு வந்தால் 21 செ.மீ.தான். அதே கூர்மையான ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி அடைக்க வேண்டும். ஊசி சரியாகப் பொருத்தப்படவில்லை என்றால் உள்பக்கம் வரவர ‘ஸ’ எல்லாம் ‘ஷ்ஷ்’ ஆகும். நிலாவின் கெட்ட நேரம், அதன் ஆகப்பெரிய முழக்கமான ‘எக்லிப்ஸ்’ சரியாக அந்த உள் விளிம்பில் மாட்டியிருக்கிறது. வைரத்தின் முதல் பக்கம் ‘வெல்கம் டு தி மெஷின்’ பாட்டில் முடிகிறது. அது இயல்பாகவே இரும்புக் குரலில் உறுமும் பாட்டு, கொஞ்சம் கரகரத்தாலும் கலை என்று போய்விடும். இரண்டாம் பக்கமோ ரிச்சர்ட் ரைட்டின் நிதானமான கீபோர்டில் முடிகிறது. ஆக, ஊசி கோணலாக இருக்கும் வீட்டில் வைரம் கள்ள ஓட்டில் ஜெயிக்கும். தூசி தட்டாத வீட்டில் நிலவரம் தலைகீழ். ஒயின் கிளாஸ் ஒலிக்கு நடுவே கடுகு வெடிக்கும்.

எனவே வாக்குவாதத்துக்கு முன்னால் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் தட்டை ஒரு சுற்றுத் துடைத்து, ஊசியின் கோணத்தை அளவு அட்டை வைத்துச் சரிபார்த்து, ஊசியின் அழுத்தத்தைச் சின்னத் தராசில் பாருங்கள். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு 2 கிராம் அக்கம்பக்கம் இருக்கும். அதனதன் பெட்டியில் போட்டிருப்பதே வேதம். அழுத்தம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறு. லேசான ஊசி பள்ளத்தில் துள்ளும், துள்ளும் ஊசிதான் சுவரைச் சிதைக்கும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு விபத்து மிச்சமிருக்கிறது, அதைத் தடுக்க யாராலும் முடியாது. ‘ஹேவ் எ சிகார்’ கடைசியில் ஒலி திடீரென்று சுருங்கி, பக்கத்து அறையில் ஓடும் டப்பா ரேடியோ மாதிரி ஆகும். பிறகு ஸ்டேஷன் மாறும் இரைச்சல், பேச்சுக் குரல், சைகோவ்ஸ்கியின் நாலாம் சிம்பொனியில் ஒரு துணுக்கு, அப்புறம் ஒல்லியாக ஒரு 12 கம்பி கிட்டார். எல்லாம் வேண்டுமென்றே செய்தது. கில்மோரின் கார் ரேடியோவில் பிடித்த ஒலிகள். ஆனால் முதல்முறை கேட்பவர் என்ன செய்வார்? “ஸ்பீக்கர் போச்சு!” என்று பாய்ந்து, பின்னால் குனிந்து, வயரைப் பிடுங்கிச் செருகுவார். அவர் வயரை முறுக்கி முடிக்கவும், அந்த ஒல்லி கிட்டாரோடு சேர்ந்து வாசிப்பதுபோல் இரண்டாவது கிட்டார் முழு உடம்போடு அறைக்குள் வந்து உட்காரவும் சரியாக இருக்கும். “பாத்தியா, லூஸ் கனெக்‌ஷன்” என்பார். அவரிடம் உண்மையைச் சொல்லாதீர்கள். அந்த மகிழ்ச்சி வருஷத்துக்கு ஒருமுறை கிடைப்பது.

நிலாவில் இதற்கு இணையான கண்ணி, பணத்தைப் பற்றிய ‘மணி’ பாட்டு. கல்லாப்பெட்டி, சில்லறை, காகிதம் கிழிப்பது என்று ஏழு ஒலிகள். டேப்பை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி ஒட்டி வளையமாக ஓடவிட்டார்கள். அதனால் தாளமும் ஏழு. நாலாகக் கைதட்டப் போகிறவர் இரண்டாவது சுற்றிலேயே தப்பி, தட்டுவதுபோல் நடித்து, மெல்லக் கையை எடுத்து முடியைக் கோதுவார். மிஸ்ர சாபு போட்டுப் பழகியவர் விடாமல் எண்ணிக்கொண்டே வந்து கர்வமாகப் பார்க்கும்போது, கிட்டார் சோலோவில் தாளம் நாலுக்கு மாறிவிடும். அவரும் அவுட்.

அடுத்த கட்டத்தில் வெளியாட்கள் பிரச்சினை எழும். “உங்க ‘சிகார்’ பாட்டைப் பாடினதே ராய் ஹார்ப்பர், குழுவில் ஆள் கிடைக்கலையா?” என்பார் நிலாக்காரர். “உங்க ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ மட்டும்?” என்று திருப்பி வரும். அதைப் பாடிய கிளேர் டோரிக்கு ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளமாகக் கிடைத்தது 30 பவுண்டு. வார்த்தையே இல்லாத அந்தக் கதறலில் பாதி இசையமைப்பு அவருடையதுதானே என்று 2004-இல் வழக்குப் போனார். 2005-இல் சமரசமாகி அவர் பெயரும் சேர்ந்தது. வைரத்தின் தலைப்புப் பாட்டுக்கு வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லி வாசித்தார், வாங்கியது 300 பவுண்டு. அந்த வயலின் ஆல்பத்தில் காதில் விழாது. 2011 மறுவெளியீட்டில்தான் அந்தப் பதிப்பு வெளியே வந்தது. 30 பவுண்டுக்கு உலகமே கேட்ட குரல், 300 பவுண்டுக்கு யாரும் கேட்காத வயலின். கொடுத்த காசுக்கு மதிப்பு என்று பார்த்தால் நிலாவுக்கு ஒரு புள்ளி.

அட்டைப்படச் சண்டை எல்லாம் நேர விரயம். நிலாவின் வானவில்லில் ஆறே நிறம், கருநீலம் காணோம். வைரத்தில் நிஜமாகவே தீ வைத்துக்கொண்ட ஸ்டன்ட் கலைஞருக்குக் காற்று திசை மாறி மீசை கருகியது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைக் கறுப்பு பிளாஸ்டிக்கில் மூடி விற்றார்கள். கிழிக்காமல் வைத்திருப்பவர் இருந்தால் அவர் கட்சி எதுவானாலும் மரியாதை கொடுங்கள்.

வைரக் கட்சியின் கடைசி அஸ்திரம் சிட் பாரெட். 1968-இல் குழுவை விட்டுப் போன அவர், தன்னைப் பற்றிய ‘ஷைன் ஆன்’ பாட்டையே இவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த 1975 ஜூன் 5 அன்று, சொல்லாமல் ஏபி ரோட் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். உடம்பு பெருத்து, தலையும் புருவமும் மழித்திருந்தார். கூட இருந்து வாசித்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. இதைச் சொன்னதும் அறையில் யாரும் பேசமாட்டார்கள். இந்த மௌனத்தைச் சண்டைக்குப் பயன்படுத்துவது ஆட்ட விதிப்படி சரியில்லை, ஆனாலும் எல்லோரும் செய்கிறார்கள். கூடவே, கில்மோரும் ரைட்டும் தங்களுக்குப் பிடித்தது ‘விஷ் யூ’ என்று சொன்னதையும் செருகுவார்கள். சமைத்தவர் சாட்சி செல்லாது என்று நிலாக் கட்சி ஆட்சேபிக்கும்.

சத்தம், ஒட்டு, ஊசி எல்லாவற்றையும் சமப்படுத்திவிட்டால் மிஞ்சும் வித்தியாசம் சின்னது. நிலா பத்துத் துணியைத் தையல் வெளியே தெரியாதபடி தைத்த ஒரே போர்வை. வைரம் ஒரே நீளத் துணி, நடுவில் வெட்டி மூன்று பாட்டைச் செருகியது. ‘ஆன் தி ரன்’ எட்டு ஸ்வரத்தைச் சின்தசைசரில் போட்டு வேகமேற்றியது. முதல்முறை வாயைப் பிளக்கவைக்கும், பத்தாவது முறை கைவிரல் அடுத்த பாட்டுக்குப் போகத் துடிக்கும். வைரத்தின் முதல் பக்கத்தில் அப்படி ஒரு இடம் இல்லை. இரண்டாம் பக்கத்தில் ‘ஷைன் ஆன்’ எட்டாம் பகுதி கொஞ்சம் தெரு சுற்றும். பக்கம் பக்கமாகக் கேட்டால் வைரத்தின் முதல் பக்கம், முழுசாகக் கேட்டால் நிலா. இதைச் சொன்னால் இரண்டு கட்சியும் அடிக்க வரும்.

கடைசியில் சமாதானமாக, இரண்டையும் ஒரே கேசட்டில் பதிந்து வைப்போம் என்பார்கள். சி-90, பக்கத்துக்கு 45 நிமிஷம். நிலா 43 நிமிஷம், சம்மணம் போட்டு உட்காரும். வைரம் 44-க்குக் கொஞ்சம் மேல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும். தொடக்கத்தில் ‘லீடர்’ என்னும் பதிவாகாத வெற்று நாடா சில நொடி. அதை முதலிலேயே பென்சிலால் சுற்றித் தள்ளிவிட வேண்டும். டர்ன்டேபிள் ஒரு சதவீதம் மெதுவாகச் சுற்றினால் ஆல்பம் 26 நொடி நீளும். கேசட் டெக் ஒரு சதவீதம் வேகமாக ஓடினால் 27 நொடி முன்னாலேயே நாடா தீரும். சில கேசட்டில் கூடுதல் நாடா இருக்கும், நம்பி இறங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வெட்டுப்படுவது எது தெரியுமா? ஒலி தேய்ந்து மறையும் கடைசி ஃபேடில் ரைட் மிக மெல்லமாக வாசித்துவிட்டுப் போகும் ஒரு வரி, சிட் 1967-இல் எழுதிய ‘சீ எமிலி ப்ளே’யின் மெட்டு. வைரக் கட்சிக்காரர் வருஷக்கணக்காக எல்லோரையும் காதைத் தீட்டிக் கேட்கச் சொல்லும் இடம்.

ஏ பக்கத்தில் நிலாவின் இதயத் துடிப்பு நிதானமாக அடங்கி, அதற்குப் பிறகும் ஒரு நிமிஷம் வெறும் நாடா ஓடும். பி பக்கம் அந்த மெட்டுக்கு மூன்று நொடி முன்னால் ‘டக்’ என்று நிற்கும். நிலாக்காரர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

“சி-100 கிடைக்குமா பாரு” என்பார் வைரக்காரர், கேசட்டை வெளியே எடுத்தபடி.