பைப் பதித்த சுவர்க் காடியைப் பூசும் முன் ஒரு பிரஷர் டெஸ்ட்

பிளம்பர் வேலைக்கு ஐடிஐ-யில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. சான்றிதழ் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கைத்திறன் சிபிவிசி (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) ஜாயின்ட் ஒட்டும்போதே தெரிந்துவிடும்.

பைப்பை நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு எடுத்து, வெளி விளிம்பைச் சற்றே சரித்துத் தேய்க்கணும். பிசிறை விட்டால் செருகும்போது அது பசையை வழித்துத் தள்ளிவிடும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பைப்பில் தாராளமாகவும், அது செருகும் சாக்கெட்டுக்குள் மெல்லிசாகவும் பசை தடவணும். உள்ளே அள்ளி அப்பினால் வழிந்து தேங்கி பைப்பையே இளக்கும். கால் சுற்றுத் திருப்பி முழு ஆழத்துக்குச் செருகி, 30 விநாடி பிடிக்கணும். உடனே கையெடுத்தால் பைப் பின்னுக்கு நழுவும். யுபிவிசி (குளிர்ந்த நீர் பைப்) பசை இங்கே ஆகவே ஆகாது.

திரெட் ஜாயின்ட்டில் கசியாமலிருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்? திரெட் முறுகும் திசையில்தான். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போதே சுருண்டு கழலும்.

பசை நன்றாகக் காய்ந்தபின், லைனில் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தின் (லைன் வழக்கமாகத் தாங்க வேண்டிய அழுத்தம்) 1.5 மடங்கு ஏற்றுங்கள். 10 மீட்டர் உயரத் தொட்டி தருவதே சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ அழுத்தம்தான். “குழாயைத் திறந்து பார்த்தாச்சு சார்” என்பதெல்லாம் டெஸ்ட் கணக்கில் வராது. மீட்டர் முள் இறங்கினால், டைல்ஸ்காரரை இன்னும் வரச்சொல்லாதீர்கள்.