பன்னிரண்டாவது ஆளாக நின்ற ஆண்டுகள்

2011 ஆகஸ்டில் முனைவர் பட்டப் படிப்புக்காக மதுரையிலிருந்து டெக்சாஸ் மாநிலத்தின் காலேஜ் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கியபோது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு பெரிய ஊர் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். பல்கலைக்கழகம்தான் ஊராக இருந்தது. 1876-இல் டெக்சாஸ் வேளாண், இயந்திரவியல் கல்லூரி திறக்கப்பட்ட வெட்டவெளியில், அந்தக் கல்லூரிக்காக ரயில் நின்ற இடமே பின்னாளில் ஊரின் பெயராகிவிட்டது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்ற பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் அந்தப் பழைய கல்லூரிப் பெயரின் மிச்சம். மாணவர்களை 'ஆகி' என்று அழைப்பதும் அக்ரிகல்ச்சர் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த ஆண்டு டெக்சாஸில் கடும் வறட்சி. புல்தரைகள் காய்ந்து கிடந்த வளாகத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடங்களுக்கு மேலே கைல் ஃபீல்டு அரங்கம் கோபுரம்போலத் தெரிந்தது.

எங்கள் அறையில் எனக்கு மூத்தவராக இருந்த கோயம்புத்தூர் அண்ணன், புதிதாக வந்தவன் செய்யவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வங்கிக் கணக்கு, சமூகப் பாதுகாப்பு எண், மூன்றாவதாக ஸ்போர்ட்ஸ் பாஸ். உதவித்தொகையின் முதல் தவணை வருவதற்கு முன்பே விளையாட்டுக்கு எதற்குப் பணம் என்று கேட்டேன். "சனிக்கிழமை இந்த ஊர்ல வேற எதுவுமே நடக்காது தம்பி, வாங்கிடு" என்றார்.

ஃபுட்பால் என்று அவர்கள் சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல என்பது தெரிந்திருந்தாலும், அது என்ன என்று தெரிந்திருக்கவில்லை. அண்ணன் அதைக் கபடியை வைத்து விளக்கினார்: இரண்டு பக்கமும் பதினொருவர், நடுவே நூறு கஜ நிலம், பத்து கஜம் முன்னேற நான்கு முயற்சிகள், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு, எல்லையைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளிகள். விதிகள் இரண்டு ஆட்டங்களில் பிடிபட்டுவிட்டன. பிடிபடாமல் இருந்தது வேறொன்று. 80,000 பேருக்கு மேல் கொள்ளும் அந்த அரங்கில், மாணவர் பகுதியில் எங்கள் சீட்டுகளில் இருக்கை எண் அச்சிட்டிருந்தும், ஒருவரும் உட்காரவில்லை. மூன்றரை மணி நேரம், செப்டம்பர் வெயிலில், எல்லாரும் நின்றார்கள். அரைமணி நேரத்தில் கால் வலித்து நான் உட்கார்ந்தபோது, முன்வரிசைப் பெண் திரும்பி, மயக்கமா, தண்ணீர் வேண்டுமா என்று மெய்யான கவலையோடு விசாரித்தாள். உடம்புக்கு முடியாதவர்கள் மட்டுமே உட்காருவார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஏன் நிற்கிறோம் என்று கேட்டதற்கு, "நாம்தான் பன்னிரண்டாவது ஆள்" என்று பதில் வந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெருமையான பட்டமாகத் தோன்றவில்லை. நம் ஊரில் பன்னிரண்டாவது ஆள் என்றால் இடைவேளையில் தண்ணீர்ப் போத்தலும் கையுறையும் தூக்கிக்கொண்டு ஓடுபவர். சாரணர் முகாமில் விறகு பொறுக்க அனுப்பப்பட்டவனைப் போல, அணியில் இருந்தும் இல்லாதவர். அந்தப் பெயரை ஒரு பல்கலைக்கழகமே விரும்பிச் சூடிக்கொண்டு, 1990-இல் வணிகக் குறியாகவும் பதிவு செய்து, அதே பெயரைப் பயன்படுத்திய சியாட்டில் நகரத் தொழில்முறை அணியின்மேல் 2006-இல் வழக்கும் தொடுத்தது என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அதன் பின்னணியைத் தெரிந்துகொண்டபின் சிரிப்பு அடங்கியது. 1922 ஜனவரி 2 அன்று டாலஸில், அப்போது நாட்டின் வலிமையான அணிகளில் ஒன்றாயிருந்த சென்டர் கல்லூரியோடு ஏ அண்ட் எம் மோதியது. அதே பருவத்தில் ஹார்வர்டையே 6–0 என்று வீழ்த்தியிருந்த அணி அது. ஆட்டம் கடுமையாகி, ஏ அண்ட் எம் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியேற, மாற்று ஆள் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் பயிற்சியாளர் டேனா பைபிளுக்கு வந்தது. இ. கிங் கில் என்ற மாணவர் அந்தப் பருவத்தில் ஃபுட்பால் அணியில் இருந்துவிட்டு, கூடைப்பந்துக்காக விலகியிருந்தவர். அன்று மேலே பத்திரிகையாளர் பகுதியில் உட்கார்ந்து, களத்தில் யார் யார் என்று அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். பைபிள் அவரைக் கீழே அழைத்தார். அடிபட்ட ஒருவரின் சீருடையை அரங்கின் அடியில் மாற்றிக்கொண்டு வந்த கில், ஆட்டம் முடியும்வரை பக்கக் கோட்டருகே நின்றார். ஏ அண்ட் எம் 22–14 என்று வென்றது. கில் களத்தில் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை. பந்தைத் தொடாத, ஒரு புள்ளியும் எடுக்காத, பிற்பாடு மருத்துவராகிப்போன அந்த மாணவருக்கு இன்று அரங்கத்துக்கு வெளியே வெண்கலச் சிலை இருக்கிறது. நூறாண்டுகளாக மாணவர்கள் நிற்பது, தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்று காட்டுவதற்காகத்தான். 1983-இல் பயிற்சியாளர் ஜாக்கி ஷெரில் இதைச் சொல்லளவில் விடாமல், உதவித்தொகை பெறாத சாதாரண மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சொந்த மைதானத்தில் பந்தை உதைத்துத் தொடங்கும் வேளைகளில் களத்தில் இறக்கவும் செய்தார்.

மற்ற மரபுகள் எனக்கு மெல்ல மெல்லத்தான் பழகின. சொந்த மைதான ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் அரங்கம் நிரம்பும். வெள்ளை உடையணிந்த மாணவத் தலைவர்கள் கைச்சைகை காட்ட, ஆயிரக்கணக்கானோர் குனிந்து முழங்காலில் கைவைத்து மறுநாளைக்கான முழக்கங்களைப் பயிற்சி செய்வார்கள். எதிரணியைப் பார்த்துக் கேலியாக 'பூ' என்று கத்துவது இங்கே மரபல்ல. நடனப் பெண்களும் கிடையாது. கட்டைவிரலை உயர்த்தி 'கிக் எம்' என்பார்கள். உதைப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தவளை குத்தும் சிறு ஈட்டியின் பெயர் அது. 1930-இல் 'கொம்புத் தவளைகள்' என்ற பட்டப்பெயர் கொண்ட டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக அணியோடு மோதுவதற்கு முன்பு பிறந்த வீரமொழி. (கொம்புத் தவளை என்பது உண்மையில் ஓணான் வகை என்பதை உயிரியல் துறை நண்பர் ஒருவர் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.) 1918-இல் முதல் உலகப் போருக்குப் போயிருந்த மாணவர் ஒருவர் எழுதிய போர்ப்பாட்டின் இறுதியில், பக்கத்தில் யார் நின்றாலும் தோளில் கைபோட்டு, ஒரு வரிசை இடமும் மறு வரிசை வலமுமாக ஆடும்போது, மேல்தளத்தின் கான்கிரீட் காலடியில் அசைவது தெரியும். ஊரில் தேர்வடம் பிடிக்கையில் முன்பின் தெரியாதவர்களின் தோள் உரசிய நினைவு எனக்கு வந்தது அங்கேதான். வந்து ஒரு மாதம்வரை கைகுலுக்கலுக்கு மேல் யாரும் என்னைத் தொட்டிருக்கவில்லை.

ரெவெலி என்ற கோலி இன நாய்தான் அணியின் சின்னம். படைப்பயிற்சி மாணவர் பிரிவில் அதற்கே மிக உயர்ந்த பதவி. இறந்த ரெவெலிகளை, ஸ்கோர் பலகையைப் பார்த்தவாறு அரங்கின் வடமுனையில் புதைத்திருக்கிறார்கள். அரங்கத்தை விரித்துக் கட்டியபோது பலகை மறைந்துவிட, அந்தக் கல்லறைகளுக்கென்றே வெளியே ஒரு சிறிய ஸ்கோர் பலகை வைத்தார்கள். இதைச் சொன்னால் மதுரையில் யாரும் நம்புவதில்லை.

எல்லா மரபையும் நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. 1954-இல் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் தம் முதல் ஆண்டில் ஜங்ஷன் என்ற ஊருக்கு வீரர்களை அழைத்துப்போய், பத்து நாள் கொடும் வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் வாட்டியதை இங்கே வீரக்கதையாகச் சொல்வார்கள். பெரும்பகுதியினர் ஓடிப்போயினர், அந்தப் பருவத்தில் அணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றது. தாகத்தில் ஒருவனை ஓடவிடுவது எனக்கு வீரமாகப் படவில்லை. 1963வரை இந்தக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை என்பதையும், தோளில் கைபோடுகிற பாட்டைப் பாடும்போது நான் மறப்பதில்லை.

அந்த நவம்பரில் அண்ணன் என்னை வளாகத்தின் ஓரத்திலுள்ள நினைவிடத்துக்கு அழைத்துப்போனார். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு 1894 முதல் இருந்துவந்த போட்டியை ஒட்டி, மாணவர்களே மரம் வெட்டி, அடுக்கி, பெரும் சொக்கப்பனை ஒன்றை ஆண்டுதோறும் எரித்துவந்தார்கள். 1999 நவம்பர் 18 அதிகாலை 2.42 மணிக்கு, எரிப்பதற்கு முன்பே அந்த அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தனர், 27 பேர் காயமடைந்தனர். அதன்பின் வளாகத்தில் சொக்கப்பனை எரிவதில்லை. ஒரு வாரம் கழித்து நடந்த ஆட்டத்தில், எதிரணியின் இசைக்குழு தொப்பிகளைக் கழற்றி அஞ்சலி இசை வாசித்தது. நினைவிடத்தில் வட்டமாகப் பன்னிரண்டு வாசல்கள் நிற்கின்றன. ஒவ்வொரு வாசலும் இறந்த பிள்ளையின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. ஒரு வாசலுக்குள் நின்று, அந்தப் பிள்ளையின் ஊர் எவ்வளவு தூரம் இருக்கும் என்று யோசித்தேன். அன்றிரவு அம்மாவுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே தொலைபேசினேன். மதுரையில் அப்போது காலை, வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில நாள்களில், நன்றிதெரிவிக்கும் நாள் இரவில், 118-ஆவது முறையாக அந்த இரண்டு அணிகளும் கைல் ஃபீல்டில் மோதின. நாங்கள் 25–24 என்று முன்னிலையில் இருந்தோம். கடைசி நொடியில் எதிரணியின் ஜஸ்டின் டக்கர் 40 கஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய், 27–25 என்று முடிந்தது. மறு ஆண்டு ஏ அண்ட் எம், இரு அணிகளும் ஆடிவந்த கூட்டமைப்பை விட்டு, தென்கிழக்குக் கூட்டமைப்பு என்ற வேறொரு கல்லூரி லீக்குக்கு மாற, பழைய போட்டி நின்றுபோனது. தோற்றாலும் மாணவர்கள் கலைவதில்லை. அங்கேயே நின்று அடுத்த ஆட்டத்துக்கான முழக்கத்தைப் பயிற்சி செய்வார்கள். "நாம் தோற்கவில்லை, நேரம் போதவில்லை" என்பது அவர்கள் வாடிக்கையாகச் சொல்வது. அன்று "நாம்" என்று சொன்னவர்களில் நானும் இருந்தேன் என்பதை வீட்டுக்கு நடந்துவரும் வழியில்தான் கவனித்தேன்.

அந்தப் போட்டி மறுபடி நடக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் படிப்பு முடிந்து, ஹூஸ்டனில் வேலை, திருமணம், மகள். 2024-இல் டெக்சாஸும் அதே கூட்டமைப்பில் சேர, நவம்பர் 30 இரவு கைல் ஃபீல்டில் ஆட்டம் என்று அறிவித்தார்கள். மனைவியிடம் சொல்லக் கூசுகிற விலைக்கு மூன்று சீட்டுகள் வாங்கினேன். வாகன நிறுத்தத்தில் பக்கத்துக் குடும்பம் மாட்டிறைச்சியைப் புகையில் வாட்டிக்கொண்டிருக்க, நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அப்பளத்தைச் சுவைத்த அவர்களுடைய பையன் இன்னொன்று கேட்டு வாங்கிப்போனான். அரங்கம் விரிவாக்கப்பட்டு இப்போது 1,02,733 பேருக்கானது. எங்கள் இருக்கைகள் மாணவர் பகுதியில் இல்லை, உட்காரலாம். தொடக்க உதையின்போது எழுந்த நான் பிறகு உட்காரவில்லை.

டெக்சாஸ் 17–7 என்று வென்றது. மூன்றாம் கால்பகுதியில் என் சட்டையை இழுத்து, "ஏன்ப்பா நின்னுகிட்டே இருக்கீங்க, உங்களைக் கூப்பிடுவாங்களா?" என்று மகள் கேட்டாள். கில்லின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ அவரையும் கடைசிவரைக்கும் விளையாட விடலையா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் களத்தைப் பார்த்தவள், தன் இருக்கையின்மேல் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.